யார் முதலில் வருவார் என்று தெரிந்தே ஓடும் ஊர்

கேட்ட கேள்வி இது: இத்தாலியில் குப்பியோ என்றொரு மலை ஊரில் வருடா வருடம் மே 15 அன்று மூன்று பெரிய மரத்தூண்களைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடுகிறார்களாம், ஆனால் யார் முதலில் போய்ச் சேருவார்கள் என்பது முன்கூட்டியே முடிவான விஷயமாம், அப்படியானால் எதற்கு ஓட வேண்டும், சுற்றுலாக்காரர்களுக்குப் போட்டுக் காட்டும் வேஷமா, அது போக அந்த ஊரில் பார்க்கவும் சாப்பிடவும் என்ன இருக்கிறது?

வேஷம் இல்லை. 1917-ல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, வடக்கே ஆல்ப்ஸ் போர்முனையில் கோல் தி லானா மலையில் இருந்த குப்பியோ ஊர்ச் சிப்பாய்கள், மே 15 வந்ததும் அங்கேயே தங்கள் தூண்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வேடிக்கை பார்க்க ஒரு சுற்றுலாக்காரரும் இல்லை. கொரோனா வந்த 2020, 2021 இரண்டு வருடமும் ஓட்டம் நடக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்டால் வீட்டில் நடந்த துக்கத்தைச் சொல்வது மாதிரிதான் சொல்கிறார்கள். எதற்கு ஓடுகிறார்கள் என்பதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அது புரியும்.

குப்பியோ இருப்பது உம்ப்ரியா மாநிலத்தில், பெரூஜாவிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர். ஊருக்கு ரயில் கிடையாது. அரெஸ்ஸோவிலிருந்து வந்த சின்ன ரயில் பாதை இரண்டாம் உலகப்போரில் நொறுங்கியது, மறுபடி யாரும் போடவில்லை. இப்போது ஃபொஸ்ஸாத்தோ தி வீகோ என்ற ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். இந்த ஒரு சிரமம்தான் ஊரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது என்பது என் கட்சி; பக்கத்து அசிசிக்கு வரும் கூட்டத்தில் கால்வாசி இங்கே வந்தாலே தெருக்கள் தாங்காது. இஞ்ஜீனோ என்ற மலையின் அடிவாரச் சரிவில், ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கின படிக்கட்டு மாதிரி, நீளவாக்கில் நாலைந்து தெருக்கள். அவற்றைக் குறுக்கே இணைப்பது செங்குத்தான சந்துகள். எல்லா வீடும் சுண்ணாம்புக் கல். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம், மழை பெய்தால் சிவப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

அந்த இளஞ்சிவப்புக் கல்லுக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. ஊரை விட்டு வெளியே போகும் பொத்தச்சோனே பள்ளத்தாக்கில் சாலையோரமாகவே அந்தப் பாறை அடுக்கடுக்காகத் தெரியும், நடுவில் ஒரு விரல் கனம்கூட இல்லாத களிமண் அடுக்கு ஒன்று. 1970-களில் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் அதைச் சுரண்டி எடுத்துப் போய், நோபல் பரிசு வாங்கிய தன் அப்பா லூயிஸிடம் காட்ட, அதில் இரிடியம் என்ற உலோகம் சுற்றியுள்ள பாறையில் இருப்பதைவிட முப்பது மடங்கு இருந்தது. பூமியின் மேலோட்டில் அரிது, விண்கற்களில் தாராளம். டைனோசர்களை ஒழித்தது 66 மில்லியன் வருடத்துக்கு முன் வந்து மோதிய விண்கல் என்ற கருத்து 1980-ல் வெளியானது இந்தக் களிமண்ணிலிருந்துதான். அங்கே போனால் பாறை முழுக்க ஆய்வாளர்கள் துளை போட்டு மாதிரி எடுத்த ஓட்டைகள் இருக்கும். ஊர்க்காரர்கள் அதை அதிகம் கண்டுகொள்வதில்லை, அவர்களுக்கு வேறு கவலைகள்.

சரி, ஊருக்குள் வருவோம். நடுவில் பியாஸ்ஸா கிராந்தே, அதாவது பெரிய சதுக்கம். சரிவில் சமதரை ஏது? அதனால் கீழ்த் தெருவிலிருந்து பிரமாண்டமான வளைவுகளை எழுப்பி, அவற்றின் தலையில் சதுக்கத்தைப் போட்டுவிட்டார்கள். அதன் விளிம்பில் நின்று பார்த்தால் கீழே கூரைகள், அதற்கப்பால் சமவெளி. சதுக்கத்தின் ஒரு பக்கம் கன்சல்களின், அதாவது நகரத்தை நிர்வகித்த தலைவர்களின், மாளிகை. 1332-ல் தொடங்கி 1349-க்குள் முடித்தார்கள். அரசனோ பிரபுவோ கட்டவில்லை, தன்னைத்தானே ஆண்டுகொண்ட ஒரு நகரம் கட்டிக்கொண்டது. பதினான்காம் நூற்றாண்டிலேயே உள்ளே குழாய்த் தண்ணீரும் கழிவறையும் இருந்தன. மேலே கோபுரத்தில் ‘கம்பனோனே’ என்ற பெரிய மணி, 1769-ல் வார்த்தது, சுமார் இரண்டு டன். இதைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. மணியடிக்கிறவர்கள் மேலே ஏறிப் போய், கையாலும் காலாலும் உதைத்துத் தள்ளி ஆட்டுகிறார்கள். சதுக்கத்தில் நின்று அண்ணாந்தால் கோபுரத்தில் மனிதக் கால்கள் வந்து வந்து போவது தெரியும். முதல் தடவை பார்க்கும்போது யாரோ விழப்போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

அந்த மாளிகைக்குள்தான் ஊரின் பெரிய சொத்து இருக்கிறது: ஏழு வெண்கலத் தகடுகள். 1444-ல் கிடைத்தவை, 1456-ல் நகரம் விலைக்கு வாங்கியது, கொடுத்த விலை இரண்டு வருட மேய்ச்சல் உரிமை. உம்ப்ரிய மொழியில், ரோமானியர்களின் லத்தீன் வந்து மூடுவதற்கு முன் இந்தப் பகுதி பேசிய மொழியில், எழுதியது. சில தகடுகள் வலமிருந்து இடமாக உம்ப்ரிய எழுத்தில், சில லத்தீன் எழுத்தில். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்கும் முதலாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. உம்ப்ரிய மொழியில் இவ்வளவு நீளமாக வேறு எதுவும் கிடைக்கவில்லை, அதனால் மொழியியல்காரர்களுக்கு இது பொக்கிஷம்.

அதில் எழுதியிருப்பது என்னவென்றால், பூசாரிகளுக்கான செய்முறைக் குறிப்பு. முதலில் பறவைகளின் போக்கைப் பார். அப்புறம் திரெபுலான வாசலுக்கு முன்னால் யூபிடர் கிரபோவியஸ் என்ற கடவுளுக்கு மூன்று காளை, வாசலுக்குப் பின்னால் சினையாக இருக்கும் மூன்று பன்றி. அடுத்து தெசெனாக வாசல், அங்கே செவ்வாய்க் கடவுளுக்கு மூன்று காளை, பின்னால் மூன்று பால்குடிப் பன்றிக்குட்டி. மூன்றாவது வேகிய வாசல், அங்கே நெற்றியில் வெள்ளை உள்ள மூன்று காளை, பின்னால் மூன்று ஆட்டுக்குட்டி. மந்திரத்தில் ஒரு சொல் பிசகினால் மறுபடி முதலிலிருந்து செய். மலையையும் ஊரையும் காப்பாற்று, மனிதர், கால்நடை, விளைச்சல் எல்லாவற்றையும் காப்பாற்று என்று ஒரே வேண்டுதல் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று மூன்றாக, ஊரைச் சுற்றி, வாசல் வாசலாக. மே 15 ஓட்டத்தின் வேர் இதுதான் என்று ஒரு கட்சி, செரெஸ் என்ற தானியத் தெய்வத்தின் விழா என்று இன்னொரு கட்சி, அதெல்லாம் கிடையாது, சுத்தமான கிறிஸ்தவ நேர்ச்சை என்று மூன்றாவது கட்சி. ஆவணத்தோடு பேசினால் மூன்றாவது கட்சியின் கைதான் ஓங்கும். ஆனால் தகடுகளைப் படித்துவிட்டு விழாவைப் பார்க்கிறவனுக்கு மனசு முதல் கட்சியை விட்டு வராது, என் மனசும் வரவில்லை.

அந்த நேர்ச்சை யாருக்கு? ஊரின் பாதுகாவலர் புனித உபால்தோ. பதினோராம் நூற்றாண்டின் கடைசியில் குப்பியோவிலேயே பிறந்து, 1129-ல் ஊரின் ஆயர், அதாவது பிஷப், ஆனவர். அவர் காலத்தில் பெரூஜா தலைமையில் பதினொரு நகரங்கள் சேர்ந்து படையெடுத்து வந்தன, குப்பியோ ஜெயித்தது. 1155-ல் ஸ்போலேத்தோவைச் சூறையாடி முடித்த பேரரசர் பிரெடரிக் பார்பரோசா குப்பியோ பக்கம் வர, கிழவரான ஆயர் நேரில் போய்ப் பேசி ஊரைத் தப்ப வைத்தார். இவையெல்லாம் பெரிய காரியங்கள்தான், ஆனால் ஊர் மறக்காமல் சொல்வது ஒரு சின்னக் கதையை. மதில் வேலை செய்த கொத்தனார் ஒருவன் ஆயரின் திராட்சைத் தோட்டத்தைப் பாழாக்க, அவர் போய்த் தன்மையாகச் சொன்னாராம். அவன் பிடித்துத் தள்ளியதில் ஆயர் குழைத்து வைத்த சுண்ணாம்பில் விழுந்தார். எழுந்து, துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஊர் கொதித்துப்போய் அவனை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது. தண்டனையை நான் சொல்கிறேன் என்று ஆயர் அவனைக் கிட்டே கூப்பிட்டு முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டார். இன்று புனித உபால்தோவின் தூணைச் சுமப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? கொத்தனார்களும் கல்தச்சர்களும்.

அவர் 1160 மே 16 அன்று இறந்தார். 1192-ல் புனிதர் பட்டம், 1194-ல் உடலை இஞ்ஜீனோ மலை உச்சிப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். இப்போதும் அங்குள்ள பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்தில், பீடத்துக்கு மேல், கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அவர் இறந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் ஊர்த் தொழில் சங்கங்கள் ஊர்வலமாக மெழுகுவர்த்தி கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமானது. அந்த மெழுகு பெரிதாகி, இன்னும் பெரிதாகி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் மெழுகை விட்டுவிட்டு மரத்திலேயே செய்துவிட்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை: செரோ, மெழுகுவர்த்தி. இத்தாலியில் பன்மை செரி, நான் தமிழ்ப் பன்மை போட்டு செரோக்கள் என்கிறேன்.

ஒவ்வொரு செரோவும் எண்கோண மரப்பெட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல இருக்கும். நாலு மீட்டருக்கு மேல் உயரம், எடை 300 கிலோவை ஒட்டி. உச்சியில் புனிதரின் சின்ன உருவம். அடியில் நீண்ட மரக்கட்டைகள் கொண்ட சுமைச் சட்டம், ‘பரெல்லா’ என்பார்கள். முதலாவது புனித உபால்தோ, சுமப்பவர்களுக்கு மஞ்சள் சட்டை. இரண்டாவது புனித ஜார்ஜியார், கடைக்காரர்களும் கைவினைஞர்களும், நீலம். மூன்றாவது வனத்து அந்தோனியார், விவசாயிகளும் மாணவர்களும், கறுப்பு. எல்லாருக்கும் வெள்ளைப் பேண்ட், சிவப்புக் கழுத்துத் துணி, இடுப்பில் சிவப்புக் கச்சை. இன்றைக்கு யாரும் தொழிலைப் பார்த்துச் சேருவதில்லை, வக்கீலும் டாக்டரும் கொத்தனார் செரோவைச் சுமப்பார்கள். எந்தச் செரோ என்பது அப்பாவிடமிருந்து வருவது. அப்பா மஞ்சள், அம்மா வீடு கறுப்பு என்றால் குழந்தை பிறந்த அன்றிலிருந்தே அந்த வீட்டில் இழுபறி.

மே மாதம் முதல் ஞாயிறு அன்று செரோக்களைப் படுக்கவைத்து, மேலே சிறு பிள்ளைகளைக் குதிரையேறின மாதிரி உட்காரவைத்து, மலையிலிருந்து ஊருக்குள் இறக்குவார்கள். 15-ம் தேதி விடியும் முன் தெருவில் முரசு அடித்துத் தலைவர்களை எழுப்புவது. காலையில் கொத்தனார்களின் சிற்றாலயத்தில் திருப்பலி, புனிதர் உருவங்களின் ஊர்வலம். அப்புறம் சதுக்கத்தில் கூட்டம் சேர ஆரம்பிக்கும், பதினொன்றரைக்கு மேல் கையைத் தூக்கினால் இறக்க இடம் இருக்காது.

பன்னிரண்டு மணி வாக்கில் நடப்பதுதான் நான் பார்த்ததிலேயே மறக்க முடியாத இரண்டு நிமிடம். மூன்று செரோவும் தரையில் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ‘கப்போதியேச்சி’, பத்துப் பேருக்குத் தலைவன் என்று அர்த்தம். அவர் சட்டத்தின் மேல் ஏறி நின்று, வண்ணம் தீட்டின மண்கூஜாவிலிருந்து, செரோ சட்டத்தில் பொருந்தும் இடத்தில் தண்ணீர் ஊற்றுகிறார். மரம் ஊறி இறுகிப் பிடிக்கட்டும் என்று ஆரம்பித்த பழக்கம் இது. மேலே மணி வெறிபிடித்தது போல் அடிக்கிறது. சைகை வந்ததும் அவர் கூஜாவை ஓங்கிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டு, சட்டத்தோடு சேர்ந்து முன்பக்கமாகத் தன் முழு எடையையும் கொடுத்துச் சாய்கிறார், படுத்திருந்த தூண் ஒரே வீச்சில் நட்டுக்க எழுந்து நிற்கிறது. கூஜா விழுந்த இடத்தில் ஓட்டுச் சில்லுக்கு அடிதடி. கிடைத்தால் அந்த வருடம் யோகம். என் பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர், எழுபதுக்குக் குறையாது, முழங்கையால் என்னை இடித்துத் தள்ளிவிட்டுக் குனிந்து, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலச் சில்லை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து, அப்புறம்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். எழுந்த செரோக்கள் சதுக்கத்தின் நடுவே கொடிமரத்தை மூன்று சுற்று சுற்றிவிட்டு ஆளுக்கொரு பக்கம் தெருவுக்குள் போய்விடும். பிற்பகல் முழுக்க வீடு வீடாகப் போவது. ஒரு காலத்தில் சுமந்து இப்போது கிழவராகிவிட்டவர் வீட்டு முன்னால், போன வருடம் இறந்துபோனவர் வீட்டு முன்னால், செரோ போய் நிற்கும். ஜன்னலிலிருந்து குடும்பம் பார்க்கும். யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஓட்டம் சாயங்காலம் ஆறு மணி வாக்கில். ஆயர் புனிதரின் சுரூபத்தோடு ஊர்வலமாக வந்து ஆசீர்வதித்ததும் இறக்கத்தில் பாய்கிறார்கள், ஊரைச் சுற்றி, சதுக்கத்தில் மறுபடி மூன்று சுற்று, அப்புறம் மதில் வாசலைத் தாண்டி மலைப்பாதை, மொத்தம் நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கடைசி ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம், அதைப் பத்து நிமிடத்தை ஒட்டி ஓடி முடிக்கிறார்கள். ஒருவரால் முழு வேகத்தில் சில பத்து மீட்டர்தான் தாங்க முடியும், அதனால் வழியெங்கும் ஆட்கள் காத்திருந்து, செரோ நிற்காமலே, தோளுக்குத் தோள் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கால் இடறினால் தூண் கூட்டத்தின் மேல் விழும். விழுந்தும் இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. முந்துவது கிடையாது. எப்போதும் உபால்தோ, ஜார்ஜியார், அந்தோனியார், இதே வரிசைதான். முன்னால் போகும் செரோ விழுந்தால் பின்னால் வருபவை நின்று காத்திருக்கும். அப்படியானால் போட்டி எதில்? விழாமல் போனதா, சாயாமல் போனதா, தோள்மாற்றும் இடத்தில் தடுமாறியதா, முன்னால் போகிறவனுக்கும் பின்னால் வருகிறவனுக்கும் எவ்வளவு இடைவெளி, இதையெல்லாம்தான் ஊர் பார்க்கிறது. மேலே போனதும் இன்னொரு கூத்து: உபால்தோ ஆட்கள் உள்ளே நுழைந்ததும் பசிலிக்காவின் வாசல் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். ஜார்ஜியார் ஆட்கள் ஒட்டியே வந்து சட்டத்தின் முனையைக் கதவுக்குள் நுழைத்துவிட்டால் சாத்த முடியாது. சாத்தினார்களா, சாத்த முடிந்ததா, சாத்தியது நியாயமா என்று அடுத்த மே வரை காபிக் கடைகளில் பஞ்சாயத்து. நான் கேட்ட ஒரு பஞ்சாயத்து எட்டு வருடத்துக்கு முந்தின கதவைப் பற்றியது. எல்லாம் முடிந்தபின் புனிதர் உருவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இருட்டில், விளக்குகளோடு பாடிக்கொண்டு இறங்கி வருகிறார்கள். காலையில் இடித்துத் தள்ளிய அதே கூட்டம். உம்ப்ரியா மாநிலத்தின் சின்னத்திலேயே இந்த மூன்று செரோக்கள்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போன குப்பியோக்காரர்கள் ஜெஸ்ஸப் என்ற ஊரில் இதையே செய்து வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கேயும் முந்தக் கூடாது.

சாப்பாட்டுக்கு வருவோம். அன்று மதியம், தூண் தூக்குதலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில், மாளிகைக்குள்ளேயே பெரிய விருந்து, ‘தாவொலா போனா’, நல்ல பந்தி. ஆச்சரியம் என்னவென்றால் அதில் இறைச்சி கிடையாது, மீன்தான், முக்கியமாக உப்பிட்டு உலர்த்திய காட் மீன். மறுநாள்தான் திருநாள், இன்று அதற்கு முந்தின நாள், ஆகவே இறைச்சி விலக்கு. மலைமேல் முந்நூறு கிலோ தூக்கப் போகிறவனுக்கு மீன் சாப்பாடா என்று கேட்டால், ஒயின் இருக்கிறதே என்பார்கள்.

மற்ற நாட்களில் இந்த ஊரின் சாப்பாடு இரண்டு சொல்லில் அடங்கும்: கிரெஷா, ஃப்ரிக்கோ. கிரெஷா தட்டையான ரொட்டி. மாவு, தண்ணீர், உப்பு, துளி சோடா உப்பு. பிசைந்து ஒரு விரல் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, ‘தெஸ்தோ’ என்ற கனத்த கல்லில் போட்டு, முள்கரண்டியால் ஆங்காங்கே குத்தி, தணல் ஓரம் வைத்துச் சுடுவது. அந்தக் கல் முன்பு நிஜமாகவே கல்லும் மண்ணும், இப்போது பெரும்பாலும் வார்ப்பிரும்பு. மேலே கரும்புள்ளிகள் விழ வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். முக்கோணமாக வெட்டி, நடுவில் பிளந்து, பன்றித் தொடைப் புரோஷுத்தோவோ, சாசேஜும் பூண்டில் வதக்கின கீரையுமோ வைத்துக் கொடுப்பார்கள். கீரையும் சாசேஜும்தான் என் தேர்வு. பெரூஜாவில் இதே ரொட்டிக்கு ‘தோர்த்தா அல் தெஸ்தோ’ என்று பெயர். அந்தப் பெயரைக் குப்பியோவில் சொன்னால் கடைக்காரர் கொடுப்பதற்கு முன் திருத்துவார்.

ஃப்ரிக்கோ அந்த ரொட்டிக்குத் துணை. கோழி, முயல், ஆட்டுக்குட்டி மூன்றையும் எலும்போடு சின்னத் துண்டாக வெட்டி, ஆலிவ் எண்ணெயில் பூண்டு, ரோஸ்மேரி, சேஜ் இலையோடு நன்றாகச் சிவக்க வறுத்து, வெள்ளை ஒயினும் கொஞ்சம் வினிகரும் ஊற்றி வற்றவிட்டு, தக்காளியைப் பேருக்குச் சேர்த்து, சாறு சுண்டி இறைச்சியில் ஒட்டும் வரை அடுப்பில் விட்டுவிடுவது. தக்காளி குழம்பாகத் தெரிந்தால் அது சுற்றுலாக்காரர் ஃப்ரிக்கோ. வினிகர்தான் இதன் உயிர், முதல் வாயில் மூக்கில் ஏற வேண்டும். அப்புறம் ‘இம்ப்ரெச்சாத்தா’ என்று ஒரு சூப், கடலை, பீன்ஸ், லென்டில், பார்லி எல்லாம் கலந்து வேகவைத்தது. வீட்டில் மிச்சம் மீதி இருந்த பருப்புகளைப் போட்டுச் செய்த ஏழைச் சாப்பாடு, இன்று உணவகத்தில் மண்சட்டியில் வருகிறது. ஈஸ்டர் காலையில் முட்டையும் பாலாடைக்கட்டியும் தாராளமாகப் போட்டு உயரமாக ஊதின கட்டி ரொட்டி, அவித்த முட்டை, உப்பிட்ட இறைச்சி, ஒயின் என்று காலைச் சாப்பாடே பந்தி மாதிரி இருக்கும். இலையுதிர் காலம் வெள்ளை ட்ரஃபிள் காளானுக்கு. நாயோடு காட்டுக்குப் போய்த் தோண்டி எடுப்பது. பொரித்த முட்டையின் மேல் சீவிப் போட்டால் போதும், வேறு வித்தை வேண்டாம். கடைகளில் விற்கும் ட்ரஃபிள் எண்ணெயை வாங்க வேண்டாம், பெரும்பாலும் ரசாயன வாசனைதான்.

ஒரு கட்டுக்கதையையும் சொல்லிவிடுகிறேன். உம்ப்ரியாவில் சாதாரண ரொட்டியில் உப்பு இருக்காது. 1540-ல் போப் உப்பு வரியை ஏற்றியதால் பெரூஜா கலகம் செய்தது, அன்றிலிருந்து உப்பில்லாத ரொட்டி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். குப்பியோவிலும் அதே கதையைச் சொல்லக் கேட்டேன். ஆனால் குப்பியோ அப்போது போப்பின் நேரடி ஆட்சியில் இல்லை, 1384-லிருந்து 1631 வரை ஊர்பீனோ பிரபுக்களிடம் இருந்தது! பெரூஜாவின் கோபம் குப்பியோவின் ரொட்டியில் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் வராது.

அந்தப் பிரபுக்களில் பேர்பெற்ற பெதெரிகோ தா மொந்தெஃபெல்த்ரோ 1422-ல் இந்தப் பகுதியில் பிறந்தவர். மேலே இருக்கும் அவர் அரண்மனையில் மரச்சில்லுகளை இழைத்துச் செய்த அதிசயமான ஒரு சிறிய படிப்பறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்றுவிட்டார்கள், இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குப்பியோவில் பார்ப்பது உள்ளூர்த் தச்சர்கள் செய்த நகல், அதுவும் சோடை இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் மாஸ்த்ரோ ஜோர்ஜோ என்ற குயவர் மாணிக்கச் சிவப்பும் பொன்னும் மின்னும் பூச்சில் செய்த தட்டுகள் உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் உண்டு. அசிசி புனித பிரான்சிஸ் ஓநாயைச் சாந்தப்படுத்திய கதையும் இந்த ஊரில்தான்: ஊரைக் கலக்கிய ஓநாயோடு ஒப்பந்தம் போட்டார், நீ யாரையும் கடிக்காதே, ஊர் உனக்குச் சோறு போடும் என்று, அது இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டு, வயதாகிச் செத்தது, ஊர் அழுதது. சில பழைய வீடுகளில் பெரிய கதவுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து உயரமாக, ஒடுக்கமான இன்னொரு கதவு அடைத்துக் கிடக்கும். பிணம் போகும் வாசல் என்பார்கள். மாடிக் குடியிருப்புக்குப் படியேறும் பாதுகாப்பான வழி அது, அவ்வளவுதான், ஆனால் பிணக் கதைதான் விற்கிறது.

ஊரின் கீழ்ப்பக்கம் இன்னொரு பெரிய சதுக்கம் இருக்கிறது, அதன் பெயர் நாற்பது தியாகிகள். 1944 ஜூன் 22 அன்று, ஜெர்மன் அதிகாரிகள் சுடப்பட்டதற்குப் பழிவாங்க, ஜெர்மன் படை ஊர்க்காரர்கள் நாற்பது பேரை வரிசையில் நிறுத்திச் சுட்டது. அவர்களில் ஒரு தாயும் மகளும் உண்டு. சுட்ட இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது, போய் வாருங்கள்.

எப்போது போவது? மே 15-ஐத் தாங்கும் உடம்பு இருந்தால் அன்றே, ஆனால் அறையை மாதக்கணக்கில் முன்னால் பிடிக்க வேண்டும், சதுக்கத்துக்குள் கைக்குழந்தையோடு போகவே கூடாது. புனித வெள்ளி இரவும் நல்லது. வெள்ளை முக்காடு போட்ட சபையினர் இறந்த கிறிஸ்துவின் சுரூபத்தைச் சுமந்து போக, மணிக்குப் பதில் மரக்கட்டைகள் கடகடக்க, இரண்டு பாடகர் குழு மாறி மாறிப் பாடும். டிசம்பர் 7 மாலை மலைச்சரிவு முழுக்க விளக்குகளால் 750 மீட்டர் உயரத்துக்குக் கிறிஸ்துமஸ் மரம் எரியும், 1981-லிருந்து நடக்கிறது. 2011-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் வத்திக்கானில் உட்கார்ந்தபடி ஒரு டேப்லெட்டைத் தொட்டு ஏற்றிவைத்தார். பசிலிக்காவுக்கு ஏற நடக்க முடியாவிட்டால் ரோப்வே இருக்கிறது, பெட்டி இல்லை, இரண்டு பேர் நிற்கும் அளவு கம்பிக்கூண்டு. அது நிற்காது, குறி போட்ட இடத்தில் நின்றால் ஊழியர் உங்களைப் பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ஜூன் 2. அன்று சிறுவர்களின் ஓட்டம், சின்னச் செரோக்கள், அதே மூன்று நிறம், அதே வரிசை. கூட்டம் தாங்கும்படி இருக்கும், கூஜாச் சில்லும் கைக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு. திரும்பும் வழியில் பர்ஜெல்லோ நீரூற்றை மூன்று சுற்று ஓடி, ஊர்க்காரர் ஒருவர் கையால் தண்ணீர் தெளிக்க விட்டால் ‘குப்பியோ பைத்தியம்’ என்று பெயர் போட்டுச் சான்றிதழ் தருவார்கள். என்னுடையது வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது.